முப்பத்துநாலு தலை

முப்பத்தைந்தாவது தலையை ஒட்டியதும் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. வழக்கம்தான். நின்றது என்றால் அணைந்துபோகவில்லை. திரையில் படம் இருந்தது, உள்ளே எலி கொறிப்பதுபோல் ஒரு சத்தமும் வந்துகொண்டிருந்தது. மௌஸை மட்டும் எந்தப் பக்கம் இழுத்தாலும் அம்புக்குறி அசையவில்லை. சகாயராஜ் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். ஆபரேஷன் அறையிலிருந்து வெளியே வரும் டாக்டர்களுக்கென்று ஒரு முகம் உண்டல்லவா, அதை வரவழைத்துக்கொண்டு பெஞ்சில் இருந்த சின்னாளபட்டி ஆட்களைப் பார்த்தான்.

"ஏத்துக்கலண்ணே."

மூன்று பேரும் தலையாட்டினார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. முப்பத்தைந்தாவது தலை அவர்களுடைய சின்ன மாமனாருடையது. மூத்தவர் அந்த போட்டோவை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கம்ப்யூட்டரே வேண்டாம் என்கிறபோது நாம் என்ன செய்ய முடியும் என்றார். குரலில் வருத்தத்தைவிட நிம்மதிதான் தூக்கலாகத் தெரிந்தது.

திண்டுக்கல் சாலை ரோட்டில் இருந்தது மரியா கிராபிக்ஸ். சாலை என்றாலும் ரோடு என்றாலும் ஒன்றுதான் என்பதை அந்த ரோட்டிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. பிளெக்ஸ் பேனர் ஊருக்குள் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதற்குள் கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புதுவீடு என்று எதுவானாலும் இருபதுக்குப் பத்தடியில் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முகமும் வரிசையாகச் சிரிக்காவிட்டால் விசேஷமே செல்லாது என்று ஆகிவிட்டது. சகாயராஜ் இங்கே படத்தைச் செய்து சி.டி.யில் ஏற்றி மதுரை பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவான். அச்சாகி மறுநாள் சுருட்டிக்கொண்டு வரும். தொண்ணூற்றொன்பதில் கல்யாணப் பத்திரிகை அடிப்பதற்காக வாங்கிய கம்ப்யூட்டர் அது. அப்போது அதற்குத் தெரிந்ததெல்லாம் பிள்ளையார், சிலுவை, பிறை, குத்துவிளக்கு. மனிதர்களின் தலையை அது எதிர்பார்க்கவில்லை. ஒவ்வொரு தலைக்கும் இத்தனை எம்.பி. என்று ஒரு கனம் இருந்தது. தலைக்கனம் என்ற சொல்லுக்குச் சகாயராஜ் அளவுக்குப் பொருள் உணர்ந்தவன் அந்த ரோட்டில் வேறு யாருமில்லை. முப்பத்துநாலு வரை முக்கி முனகித் தாங்கும். முப்பத்தைந்தில் நின்றுவிடும். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு உள்ளே காற்றடிக்கும்படி டேபிள்ஃபேனைத் திருப்பி வைத்தும் பார்த்தாயிற்று. வாடிக்கையாளர்களுக்கு வியர்த்ததே தவிர முப்பத்தைந்தாவது தலை ஏறவில்லை.

இந்தக் கணக்கு சுற்றுவட்டாரத்துக்கே தெரிந்திருந்தது. ரெட்டியார்சத்திரத்திலும் செம்பட்டியிலும் விசேஷ வீடுகளில் முகூர்த்தக்கால் ஊன்றுவதற்கு முன்பே உட்கார்ந்து முப்பத்துநாலு பேரைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். விட்டுப்போனவர்களிடம் "சேக்கத்தான் போனோம், கம்ப்யூட்டர் ஏத்துக்கல" என்று சொன்னால் போதும். ரேஷனில் சீனி வரவில்லை என்றால் கடைக்காரரின் ஏழு தலைமுறையை இழுக்கிற ஊர், கம்ப்யூட்டர் ஏற்கவில்லை என்றால் வாயைத் திறக்காது. அதற்குச் சாதி கிடையாது, பங்காளி கிடையாது, யார் வீட்டிலும் அது கை நனைத்ததில்லை.

ஆனால் சகாயராஜுக்கு இருபத்தொன்பது வயது. முப்பத்துநாலு தலையோடு ஒரு வாழ்க்கையை முடித்துக்கொள்கிற வயதில்லை. பழனி ரோட்டில் புதிதாகத் திறந்த கடையில் அறுபது தலை ஒட்டுகிறார்கள் என்றும், பின்னால் நயாகரா அருவி வேறு கொட்டுகிறது என்றும் செய்தி வந்ததிலிருந்து அவன் பேகம்பூருக்கு நடையாய் நடந்துகொண்டிருந்தான். அங்கே முகமது பாரூக்கின் கடை. அவன் முதல் கம்ப்யூட்டரைப் பூட்டிக் கொடுத்ததும், அதற்கு இன்றுவரை வைத்தியம் பார்ப்பதும் பாரூக்தான். அவர் மேசையில் ஒரு வழவழப்பான விளம்பரத்தாள் இருந்தது. கறுப்பாக, இடுப்புயரத்துக்கு, சிரிக்கவே சிரிக்காத ஒரு பெட்டியின் படம்.

"பிரதர், இதப் போயி கம்ப்யூட்டர்னு சொல்லாதீங்க. இது ஒர்க்ஸ்டேஷன்."

அந்தச் சொல்லே சகாயராஜுக்கு ரயில் ஒன்று உள்ளே நுழைவதுபோல் இருந்தது. இரண்டு பிராசஸர், இரண்டு ஜி.பி. ராம், இருபத்தோரு அங்குலத் திரை. விலை ஒரு லட்சத்து எழுபத்திரண்டாயிரம். விலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவன் ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிட்டான். சாப்பிடும்போது சொன்னான், குளிக்கும்போது சொன்னான். ஞாயிற்றுக்கிழமை பூசையில் மன்றாட்டு வந்த இடத்தில் அவன் வாய் ஜி.பி. ஜி.பி. என்று முணுமுணுத்ததை அவன் மனைவி அறிவுச்செல்வி பெண்கள் பக்கத்திலிருந்தே கண்டுபிடித்தாள்.

கடையில் தமிழ் டைப்பிங் முழுக்க அறிவுச்செல்விதான். "நிகழும் மங்களகரமான" என்பதைக் கீபோர்டைப் பார்க்காமல், வாசலில் போகிறவர்களைப் பார்த்தபடியே அடித்து முடிப்பாள். மாடி எடுக்கவென்று இரண்டு பேரும் சேர்த்து பாங்கில் போட்டுவைத்த பணத்தை இவன் எந்த நேரத்தில் கேட்பான் என்று அவளுக்குத் தெரியும். கேட்டான். விளம்பரத்தாளை விரித்துவைத்து, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். அவள் நிதானமாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள்.

"ரெண்டு மூளைன்னா, ஒன்னு யோசிக்கும். இன்னொன்னு?"

"அதுவும் யோசிக்கும்."

"அப்ப முடிவு யாரு எடுப்பா?"

சகாயராஜ் விளம்பரத்தாளைப் புரட்டிப் பார்த்தான். அதில் போடவில்லை. அறிவுச்செல்வி அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் பத்திரிகை வேலையில் இறங்கிவிட்டாள். அவள் மறுக்கவில்லை என்பதையே அவன் சம்மதத்துக்கு அடுத்த வீடாக எடுத்துக்கொண்டான். பணம் ஒருபுறம். பழைய பெட்டியோடு இன்னும் ஒரு வருஷம் ஓட்டினால் பழனி ரோட்டுக்காரன் மொத்த வட்டாரத்தையும் அள்ளிக்கொண்டு போவான், பிறகு மாடி எங்கே, கீழ்வீட்டுக்கு வெள்ளையடிக்கவே வழியிருக்காது என்பது அவன் வாதம். பாரூக்குக்கு இந்த வாதம் தன் வாதத்தைவிட நன்றாக இருக்கவே, மூன்று நாள் கடையில் வைத்து ஓட்டிப் பாருங்கள், பிடித்தால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். ஹேங் என்ற வார்த்தையே இதற்குத் தெரியாது, இன்ஷா அல்லாஹ் பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஆவணி பிறந்து நாலாம் நாள் ஒர்க்ஸ்டேஷன் ஆட்டோவில் வந்தது. பாரூக் முன்னால் டிரைவரோடு ஒட்டிக்கொண்டு வர, பின்சீட்டு முழுவதும் அது உட்கார்ந்து வந்தது. பழைய பெட்டியைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு நடுமேசையில் வைத்தார்கள். பட்டனை அழுத்தினால் சத்தமே இல்லை. சகாயராஜ் காதை வைத்துக் கேட்டான். ஒரு பெரிய மனிதர் மூக்கால் மூச்சு விடுவதுபோல் லேசான காற்று மட்டும் வந்தது. போன மாதத்துப் பேனர் ஒன்றைத் திறந்தான். பழைய பெட்டியில் அதைத் திறக்கச் சொல்லிவிட்டு எதிர்க்கடையில் போய் இரண்டு புரோட்டா தின்றுவிட்டு வரலாம். இதில் அவன் மௌஸிலிருந்து விரலை எடுப்பதற்குள் முப்பத்துநாலு பேரும் எதிரே நின்றார்கள். அவன் மூடினான். திறந்தான். மூடினான். திறந்தான். சாயங்காலம் வரைக்கும் அவன் செய்த வேலை அதுதான். அவன் கண் கலங்கியிருந்ததை அறிவுச்செல்வி பார்த்தாள். பார்க்காததுபோல் "நிகழும் மங்களகரமான" அடித்தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ரெட்டியார்சத்திரத்துப் பக்கமிருந்து ஒரு காதுகுத்து வந்தது. முதலில் உள்ளே வந்தவர் ஒச்சப்பன், பிள்ளைக்குப் பெரிய தாய்மாமன். பெஞ்சின் இந்த முனையில் உட்கார்ந்தார். இரண்டு நிமிஷம் கழித்து அவர் தம்பி பொன்னழகு வந்து அந்த முனையில் உட்கார்ந்தார். நடுவில் மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு பிள்ளையின் அப்பா ஈஸ்வரன், இரண்டு மச்சான்களுக்கும் ஒரே மாப்பிள்ளை. அண்ணன் தம்பி பேசி நாலு வருஷம் ஆகியிருந்தது. பங்குக் கிணற்றில் அவரவர் முறைக்கு மோட்டார் போடுவதில் ஒருவர் பத்து நிமிஷம் கூடுதலாக ஓட்டிவிட்டார். எவர் என்பதில்தான் தகராறு. இப்போது தங்கை மகனுக்குக் காது குத்த வேண்டும், யார் மடியில் வைத்துக் குத்துவது என்று ஊரே கூடிப் பேசி, வலது காது பெரியவர் மடியில், இடது காது சின்னவர் மடியில் என்று தீர்ப்பாகியிருந்தது. இரண்டு காது கொடுத்த கடவுளுக்கு ஈஸ்வரன் அன்றைக்குத்தான் மனதார நன்றி சொன்னாராம்.

பேனருக்கும் எல்லாம் பேசி முடித்துத்தான் வந்திருந்தார்கள். அண்ணன் பக்கம் பதினேழு, தம்பி பக்கம் பதினேழு. ஒரு வாரம் சண்டை போட்டு வடிகட்டிய முப்பத்துநாலு போட்டோ மஞ்சப்பைக்குள் இருந்தது. ஈஸ்வரன் அதைப் பணிவாக எடுத்து நீட்டினார். அங்கே சகாயராஜ் பேசாமல் வாங்கியிருந்தால் இந்தக் கதைக்கு வேலையில்லை. ஆனால் அவனுக்கு உள்ளே ரயில் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, இன்னிக்கி எத்தன தல வேணாலும் ஒட்டலாம்."

பின்னால் கீபோர்டுச் சத்தம் நின்றது.

 ஒச்சப்பன், எதிர்ச்சுவரைப் பார்த்தபடி, எத்தனை என்றால் எத்தனை என்று கேட்டார். சகாயராஜ் கையை அகல விரித்துக் காட்டினான். ஒச்சப்பன் எழுந்து எதிரிலிருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போனார். அவர் போய்ச் சேருவதற்குள் பொன்னழகு பக்கத்திலிருந்த இன்னொரு பூத்துக்குப் போயிருந்தார். பதினோரு மணியிலிருந்து டி.வி.எஸ். பிஃப்டிகளில் தலைகள் வந்து இறங்க ஆரம்பித்தன. ரேஷன் கார்டிலிருந்து பெயர்த்த தலை, டிரைவிங் லைசென்ஸ் தலை, கல்யாண ஆல்பத்தில் பெண்ணோடு சேர்த்து வெட்டிக்கொண்டு வந்த தலை. செத்துப்போனவர்களைக் கணக்கில் சேர்க்கலாமா என்று ஒரு கேள்வி எழுந்தது. சேர்க்கலாம், ஆனால் மேகத்துக்கு மேலே வைக்க வேண்டும் என்று முடிவானது. மேகத்திலும் இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்பதால், உயிரோடிருந்த ஒரு பெரியப்பாவை அவர் சம்மதத்தின் பேரில் மேலே ஏற்றினார்கள். ஒச்சப்பனின் காளை வந்தது. பொன்னழகின் டிராக்டர் வந்தது. எல்லாவற்றையும் ஒர்க்ஸ்டேஷன் மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டே வாங்கிப் போட்டுக்கொண்டது. ஐம்பது தாண்டியபோது சகாயராஜ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். எண்பது தாண்டியபோது எழுந்து நின்றே வேலை செய்தான். தொண்ணூற்றேழில் தலை தீர்ந்தது. மிஷின் தீரவில்லை. அவனுக்கு ஓடிப்போய் யாரையாவது கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது.

அதற்குப் பிறகுதான் நூல் ஆரம்பித்தது.

நூல் என்பது கொத்தனார் கணக்கு. அங்குலத்தில் அரைக்கால். அண்ணன் தம்பி இரண்டு பேரும் வீடு கட்டியவர்கள், நூல் பிசகினால் சுவரை இடிக்கச் சொன்னவர்கள். பேனரின் இரண்டு ஓரத்திலும் அண்ணனும் தம்பியும் முழு உருவமாக, வேட்டியும் துண்டுமாகக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். சகாயராஜ் சரிசமமாகத்தான் வைத்திருந்தான். பொன்னழகு கொஞ்ச நேரம் ஒற்றைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"தம்பி, அவுரு ஒரு நூல் தூக்கலா தெரியிறாரு. நம்மளயும் ஒரு நூல் ஏத்துங்க."

இருபதடி பேனரில் ஒரு நூல் என்பது காக்கை எச்சத்தைவிடச் சின்னது. சகாயராஜ் சிரித்துக்கொண்டே ஏற்றினான். கண் இமைப்பதற்குள் ஏறியது. ஒச்சப்பன், இப்போது அவரிடம் சொல்லி வையுங்கள், எனக்கும் ஒரு நூல் என்றார். ஏறியது. பழைய பெட்டியாக இருந்தால் ஒரு நூல் ஏற்றக் கால் மணி நேரம் ஆகும். அதற்குள் ஒருவர் ஒன்றுக்குப் போய்விட்டு வருவார், இன்னொருவருக்குப் பசிக்கும், கோபம் இருந்த இடம் மறந்துபோகும். இதில் கோபத்துக்கு மூச்சு விடவே நேரமில்லை. நம்மளுக்கு ஒரு நூல். அவருக்குப் போட்டீங்களே, நமக்கு ரெண்டு நூல். நூல் அங்குலமாகி, அங்குலம் அடியானது. இருவரும் ஒருவரோடொருவர் ஒரு வார்த்தை பேசாமல், சகாயராஜ் வழியாகவே வளர்ந்தார்கள். மூன்றரை மணிக்கு, இடுப்புக்குக் கீழே பேனருக்கு வெளியே போய்விட, அகலத்தில் அண்ணன் எட்டடி, தம்பி எட்டடி. நடுவில் மிச்சமிருந்த நாலடியில் தொண்ணூற்றைந்து தலைகளும் வறுத்த கடலை மாதிரி குவிந்து கிடந்தன. கடலைக்கு மேலே காளை, காளைக்கு மேலே டிராக்டர், அதற்கு மேலே மேகம். சகாயராஜ் நான்கைந்து முறை தள்ளி நின்று பார்த்தான். அவனுக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த நேரத்தில் ஜீவிதா வந்தாள், பிள்ளையின் அம்மா. கடைவீதியில் பிள்ளைக்குக் கம்மல் வாங்கிக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்தபடி நேராக வந்திருந்தாள். பெரிய திரையைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக, அண்ணன்கள் இரண்டு பேரையும் பார்த்து, மேகத்தில் அப்பாவைப் பார்த்து, அங்கே பெரியப்பாவைப் பார்த்துக் கொஞ்சம் திகைத்து, பிறகு கடலைக்குள் தேட ஆரம்பித்தாள். இடமிருந்து வலம் தேடினாள். வலமிருந்து இடம் தேடினாள். பிள்ளை அவள் தாலிச் சரட்டைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"புள்ள எங்கண்ணே?"

எந்த அண்ணனைக் கேட்டாள் என்று தெரியாததால் இருவரும் திரையைப் பார்த்தார்கள். சகாயராஜ் பெரிதாக்கிப் பார்த்தான். கொழுந்தியாவின் நாத்தனார் வீட்டுக்காரர் இருந்தார். காளையின் கழுத்தில் மணி இருந்தது. காது குத்தப்படப் போகிறவன் இல்லை. கடையில் இருந்த எல்லோரும் மெதுவாக ஈஸ்வரன் பக்கம் திரும்பினார்கள். ஈஸ்வரன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். உள்ளே மொட்டைத் தலையில் சந்தனத்தோடு ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இருந்தது. காலையிலிருந்து அங்கேயேதான் இருந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை, அதனால் கொடுக்கவில்லை என்றார்.

பிள்ளையை வைக்க ஒரே இடம் நடு. நடுவுக்கு இடம் வேண்டுமானால் ஓரத்தில் நிற்பவர்கள் சுருங்க வேண்டும். ஆளுக்கு ஒன்றரை அடி. சகாயராஜ் இதைச் சொல்லி முடித்ததும் கடை வெயிலில் நிறுத்திய பஸ் மாதிரி ஆகிவிட்டது. அவர் குறைத்தால் நான் குறைக்கிறேன் என்றார் பொன்னழகு. நான் மூத்தவன், எனக்கு முன்னால் அவர் குறைக்கட்டும் என்றார் ஒச்சப்பன். குறைத்த பிறகு ஒரு நூல் வித்தியாசம் வந்தாலும் மடியில் உட்கார வைக்க வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று அண்ணன் சொல்ல, தம்பியும் அதையே சொன்னார். ஈஸ்வரன், பேனரே வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். அது யார் காதிலும் விழவில்லை. ஒச்சப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"ஏந்தம்பி, எம்புட்டு வேணாலும் ஏறும்னு நீங்கதான சொன்னீங்க? இப்ப மட்டும் என்ன?"

ஜீவிதா பிள்ளையை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றினாள். அப்படி மாற்றும்போது அவன் ஒரு காதைத் தன் தோளிலும் மறுகாதைக் கையாலும் மூடிக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் வரலைன்னா எம்புள்ளைக்கிக் காதே குத்தல. இப்பிடியே கெடக்கட்டும்."

சகாயராஜ் மௌஸைப் பிடித்தபடி நின்றான். அம்புக்குறி எந்தப் பக்கம் இழுத்தாலும் அந்தப் பக்கம் பளிச்சென்று போனது. பேனர் போட ஆரம்பித்த இரண்டு வருஷத்தில் அவன் ஒரு முடிவும் எடுத்ததில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது, யார் பெரிது, எல்லாவற்றையும் சுவரோரம் கிடந்த அந்தப் பெட்டிதான் சொல்லிக்கொண்டிருந்தது. இந்தக் கறுப்புப் பெட்டி எதற்கும் மாட்டேன் என்று சொல்லாது. ஒரு லட்சத்து எழுபத்திரண்டாயிரம் கொடுத்து இதை வாங்கினால், இனி ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் மாட்டேன் என்று சொல்ல வேண்டியவன் அவன். சொன்னால் அந்த வீட்டுக்கு அவன் பகையாளி. வட்டாரத்தில் எத்தனை வீடு இருக்கிறது என்று மனக்கணக்குப் போட்டான். ஓடிக்கொண்டிருந்த ரயில் நடுவழியில் நின்றது.

"செத்த எந்திரிங்க," என்றாள் அறிவுச்செல்வி.

அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் முதுகு திரையை மறைத்துக்கொண்டது. அண்ணன் வாசலைப் பார்த்து நின்றார், தம்பி சுவரைப் பார்த்து நின்றார். கீபோர்டில் மழை பெய்வதுபோல் கொஞ்ச நேரம் சத்தம் கேட்டது. பிறகு எழுந்து, நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். சகாயராஜ் இரண்டு வருஷமாக வைத்துக்கொண்ட டாக்டர் முகம் அவளிடம் அவனைவிட நன்றாகப் பொருந்தியது.

"ஏத்துக்கல."

திரை முழுவதும் பேனர் சாம்பல் பூசியதுபோல் மங்கியிருந்தது. நடுவில் உடுக்கை மாதிரி ஒரு மணல் கடிகாரம். அதற்குக் கீழே சிவப்புப் பட்டை கட்டிய ஒரு பெட்டிக்குள் இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது. சகாயராஜ் எழுத்துக் கூட்டினான். வித் பெஸ்ட் காம்ப்ளிமெண்ட்ஸ் ஃப்ரம் நியர் அண்ட் டியர். கல்யாணப் பத்திரிகையின் கடைசி வரி. அவசரத்தில் கைக்கு எது வந்ததோ அதை அடித்திருக்கிறாள். கடிகாரத்தையும் வரியையும் பேனர்மேல் ஒட்டி, அந்தப் படத்தைத் திரை முழுக்க விரித்து வைத்துவிட்டு ஹேங் ஆகிவிட்டது என்கிறாள். அவன் மூக்கைத் தேய்ப்பதுபோல் வாயை மூடிக்கொண்டான்.

ஒச்சப்பன் பெட்டிக்குள் இருந்த சிவப்பைப் பார்த்தார். உட்கார்ந்தார். பொன்னழகும் உட்கார்ந்தார். அதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த முகமது பாரூக்கை யாரும் கவனிக்கவில்லை. மிஷின் எப்படிப் போகிறது என்று கேட்டுப் போக வந்தவர், "ஏத்துக்கல" என்ற வார்த்தையை மட்டும் கேட்டார். ஒரு கால் செருப்போடு உள்ளே வந்தார்.

"என்னம்மா சொல்றீங்க? ஹேங்கா? இது ஹேங் ஆகாதும்மா. எங்க, தள்ளுங்க."

அவர் கை மௌஸுக்குப் போவதற்குள் சகாயராஜ் அவர் தோளில் கைபோட்டு, நல்லது கெட்டது பேசுகிறவன்போல் பழைய பெட்டி கிடந்த சுவரோரம் அழைத்துப் போனான். காதுக்குள் சொன்னான்.

"பாய், இது ஹேங் ஆகும்னு உங்க வாயால சொல்லுங்க. இப்பவே எடுத்துக்கிறேன்."

"பிரதர், பதினஞ்சு வருசமா தொழில் பண்றேன்."

"ஆகாதுன்னா எனக்கு வேணாம் பாய். தூக்கிட்டுப் போங்க."

பாரூக் திரையைப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் நன்றாக வரும். நியர் அண்ட் டியரை இரண்டு தரம் படித்தார். பெஞ்சின் இரண்டு முனைகளைப் பார்த்தார். நடுவில் போட்டோவோடு நின்ற ஈஸ்வரனைப் பார்த்தார். பிள்ளையின் காதை இன்னும் மூடியிருந்த கையைப் பார்த்தார். தாடியைத் தடவிக்கொண்டார். தான் பெற்ற மகனைப் பற்றி ஊருக்கு நடுவில் கெட்ட வார்த்தை சொல்லப் போகிறவர்போல், காலில் மிச்சமிருந்த செருப்பையும் கழற்றி ஓரமாக வைத்தார்.

"ஆமாங்க," என்றார் பெஞ்சைப் பார்த்து. "பெரிய மிஷினு பாருங்க, ரோசம் ஜாஸ்தி. அளவுக்கு மீறி யாரையும் பெருசாக்குனா நின்னுக்கும்."

அவர் விட்ட இடத்திலிருந்து அறிவுச்செல்வி எடுத்துக்கொண்டாள். எவ்வளவு குறைப்பது என்று கம்ப்யூட்டர் சொல்லவில்லை, நீங்கள் இரண்டு பேரும் பேசிச் சொன்னால் அடித்துப் பார்க்கலாம், அதுவரைக்கும் இது இப்படித்தான் நிற்கும் என்றாள். சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் போய் "நிகழும்" என்று அடிக்கத் தொடங்கினாள். சகாயராஜ் அவள் முதுகைப் பார்த்தான். முடிவு யார் எடுப்பார் என்று அவள் கேட்டது விளையாட்டுக்கில்லை என்று அவனுக்குத் தோன்றியது. கூடவே உள்ளே அந்த ரயில் மறுபடி ஒரு குலுக்கு குலுக்கிக் கிளம்பியது. நூறு தலை. நூற்றைம்பது தலை. எத்தனையில் நிற்க வேண்டும் என்று நாமே வைத்துக்கொள்ளலாம்.

 ஈஸ்வரன் எழுந்து நின்றிருந்ததால் பெஞ்சின் நடுவில் இடம் காலியாக இருந்தது. ஜீவிதா அங்கே பிள்ளையை உட்கார வைத்தாள். அவன் ஒரு பக்கம் ஒச்சப்பனின் வேட்டியையும் மறுபக்கம் பொன்னழகின் வேட்டியையும் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்த்தான். இருவரும் அவன் விழுந்துவிடாமல் ஆளுக்கொரு கையை முட்டுக் கொடுத்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே மதுரை பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் போனது. இன்னொன்றும் போனது.

"எறங்குதுண்ணே," என்றார் பொன்னழகு.

ஒச்சப்பன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "எங்கடா?" என்றார்.

"மணலு. மேல பாரு. முன்னைக்கிக் கொறஞ்சிருக்கு."

ஒச்சப்பன் கழுத்தை நீட்டினார். தெரியவில்லைபோல, தம்பி பக்கம் ஒரு சாண் நகர்ந்து, அவர் இருந்த கோணத்திலிருந்து பார்த்தார். பாரூக்கும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரைக்குக் கிட்டே போனார். அது புத்தாண்டு வாழ்த்து அட்டைக்கென்று சி.டி.யிலிருந்து எடுத்துவைத்த, அசையாத ஒற்றைப் படம். இரண்டு வருஷமாக மேலே முக்கால் மணல், கீழே கால் மணல். சகாயராஜ் குனிந்து, மேல்பாதியில் குவிந்திருந்த அந்தச் சின்ன மேட்டை, அதன் விளிம்பு சரிகிறதா என்று உற்றுப் பார்த்தான்.